வேப்பிலை செருகிய ஜோம்பிகள்

என் நடிப்பைப் பார்த்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரே காரைத் திருப்பிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, தற்பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் நடந்ததும் அதுதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் விழுந்து, புதியவை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பருவம். என் அத்தை, அதாவது அப்பாவின் கடைசித் தங்கை, மதுரையில் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடத்தில் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் காட்ட வேண்டும். கூடப் படித்தவர்கள் காதல், கண்ணீர், முதியோர் இல்லம் என்று போக, எங்கள் அத்தை மட்டும் ஜோம்பிப் படம் எடுப்பதென்று முடிவு செய்தாள். அதுவும் சிரிப்புப் படம்.

கதை ரொம்ப எளிது. செத்துப்போனவர்களின் பெயர்களை ரேஷன் கார்டிலிருந்து அடித்துவிடுகிறார்கள். கோபத்தில் அவர்கள் குழியைப் பிளந்துகொண்டு எழுந்து ரேஷன் கடைக்கு வருகிறார்கள். "பேர ஏன்யா அடிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லாதவர்களைக் கடிக்கிறார்கள். படத்தின் பெயர் 'பேர் நீக்கப்பட்டவர்கள்'. அதில் எனக்குக் குட்டிப் பேய் வேடம். ரேஷன் கடைக்காரரின் காலைக் கவ்விக்கொண்டு, "என் சக்கரையக் குடு!" என்று கத்த வேண்டும்.

"முன்பல் இல்லாம எப்புடித்தே கடிக்கிறது?" என்று கேட்டேன்.

"கடிக்க வேணாம்டா அப்பு. நல்லா சப்பு, போதும். பேயே சப்புதுன்னா ஆளு இன்னும் பயப்படுவான்" என்றாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு வழி தெரியும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்கு வழி தெரியவில்லை. பெரியப்பா அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பழனிக்கு அந்தப் பக்கம், நல்ல தோப்பு துரவு உள்ள இடம். வந்து பார்த்துப் பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிடுவார்கள், மாசிக்குள் கல்யாணம். பரீட்சை, படம் எல்லாம் அவ்வளவுதான்.

"அண்ணே, ஒரு வருசம் பொறுங்கண்ணே. மெட்ராசுல ஒரு எடிட்டிங் ஆபீசுல வரச் சொல்லியிருக்காக. பரீட்சைய முடிச்சு அங்க போயிப் பாத்துட்டு வாரேன். அப்பறம் நீங்க காட்டுற ஆளக் கட்டிக்கிறேன்" என்று அத்தை கெஞ்சியதை நானே கேட்டேன்.

"படந்தானே? கட்டிக்கிட்டுப் போயி அங்கன பாரு. மாப்பிள்ள வீட்டுல டிவி இம்புட்டுப் பெருசு இருக்கு" என்று பெரியப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

அத்தை திரும்பி என் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பெரியப்பா பேசுவார், அப்பா தலையாட்டுவார். அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் என்று ஒன்று இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது என்று அம்மா அடுப்படியில் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கேமரா கல்லூரிக்குச் சொந்தமானது. ஞாயிறு ஒருநாள்தான் கிடைத்தது. பெண் பார்க்க வருவதும் அதே ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு. மதியத்துக்குள் ஜோம்பிகளை முடித்துவிட்டு, குளித்து, பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்துவிடலாம் என்று அத்தை கணக்குப் போட்டாள். பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

ஜோம்பி மேக்கப்புக்கு எங்களிடம் பணம் இல்லை. ஆனால் ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊருக்கு மேக்கப் தேவையும் இல்லை. காளியம்மன் திருவிழாவில் நேர்த்திக்கடனுக்குச் சேத்தாண்டி வேடம் போடுகிற ஊர் எங்களுடையது. குளத்துச் சேற்றை உச்சிமுதல் உள்ளங்கால்வரை அப்பிக்கொண்டு, கண்ணும் பல்லும் மட்டும் தெரிய ஊர்வலம் போவார்கள். வெயிலில் காய்ந்ததும் மண் பாளம் பாளமாக வெடித்து நிற்கும். வெளிநாட்டில் கோடி செலவழித்து ஒட்டுகிற தோலை எங்கள் குளம் சும்மா கொடுத்தது. இந்த விஷயத்தில் உலகத்துக்கே நாங்கள் முன்னோடி என்று இன்றைக்கும் மார்தட்டுவேன்.

ஞாயிறு காலை குளக்கரையில் கூட்டமாக இறங்கிச் சேறு பூசிக்கொண்டார்கள். பூசி முடித்த கையோடு, பழக்கதோஷத்தில், எல்லோரும் இடுப்பில் வேப்பங்குழையைச் செருகிக்கொண்டார்கள்.

"யோவ் மாமா! பேய்க்கு எதுக்கு வேப்பில? பேய ஓட்டுறதுக்குத்தான வேப்பில?" என்று அத்தை கத்தினாள்.

"மண்ண மட்டும் பூசிக்கிட்டு வேப்பில இல்லாம நின்னா சாமி குத்தம் தாயி" என்றார் பக்கத்துத் தெரு பால்காரர். "நீ வேணும்னா படத்துல அத அழிச்சுக்க."

ஒருவரும் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். செருப்பும் போட மாட்டார்களாம். நடக்கச் சொன்னால் காலை இழுத்து இழுத்து நடக்காமல், கொட்டுக்கு ஆடுகிற மாதிரி முன்னால் இரண்டு எட்டும் பின்னால் ஒரு எட்டுமாகப் போனார்கள். வேடிக்கை பார்த்த பெண்கள் உணர்ச்சிவசப்பட்டுக் குலவை போட்டார்கள். அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, "சரி, இது நம்ம ஊருப் பேயி. இப்படித்தேன் இருக்கும்" என்றாள். ஒரு ஜோம்பி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போய்விட்டதால், அந்த இடத்தை நிரப்பத் தானே சேற்றைப் பூசிக்கொண்டாள். கேமராவை அவளோடு படிக்கிற தோழி பிடித்தாள்.

பதினொரு மணி இருக்கும். செத்தவர்கள் எல்லோரும் குளக்கரை ரோட்டில் திரண்டு வருகிற காட்சி. நான் முன்வரிசையில். அப்போது எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, பேச்சு அதற்குள் முடியாது என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் திடீரென்று உறைத்திருக்கிறது. பழனியில் காலையிலேயே சாமி கும்பிட்டுவிட்டு நேரே புறப்பட்டு வந்துவிட்டார்கள். பெரியப்பாவோ பூவும் இனிப்பும் வாங்கத் திண்டுக்கல்லுக்குப் போயிருந்தார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, காரிலிருந்து வெள்ளைப் பேண்ட் போட்ட ஒருவர் இறங்கினார் என்பது மட்டும்தான்.

ரேஷன் கடைக்காரராக நடித்தவரின் காலைவிட இவருடைய கால் எனக்குப் பிடித்திருந்தது. பாய்ந்து கவ்விவிட்டேன்.

"அம்மா! கடிக்குது! கடிக்குதுங்கம்மா!"

"கடிக்கலைங்க, சப்புது" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து தோழியின் குரல் ஆறுதல் சொன்னது.

காரிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினார். அலறுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ எங்களை ஏற இறங்கப் பார்த்தார். சேறு, வேப்பிலை, வெறுங்கால், பின்னால் குலவை. சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகுவித்தார்.

"ஏனுங்க, ஊருக்குள்ள காப்புக் கட்டிப்போட்டாங்களாட்ட இருக்குதுங்களே?"

திருவிழாவை ஊருக்கு அறிவித்து, அதாவது சாமி சாட்டி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறாகக் காப்புக் கட்டிவிட்டால் எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எதுவும் பேச மாட்டார்கள். பெண் பார்ப்பது, பூ வைப்பது எதுவும் கிடையாது. வெளியூர்க்காரர்கள் தங்கிவிட்டால் திருவிழா முடியாமல் கிளம்பவும் கூடாது. காப்புக் கட்டியவர்களுக்குக் கறி, செருப்பு, பாய் எதுவும் ஆகாது, வெளியூரில் இராத்தங்கவும் கூடாது. எங்கள் ஊரில் அன்றைக்குச் சாட்டே சாட்டவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் பேய்களாக நின்றார்கள். ரோட்டுக் காட்சியில் ஜோம்பி பேசக் கூடாது என்று காலையிலிருந்து அத்தை சொல்லியிருந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் தொழில் சுத்தம்.

பேசுகிற உரிமை உள்ள ஒரே ஜோம்பி நான்தான். காலை விட்டுவிட்டு, என் வசனத்தை உரக்கச் சொன்னேன்: "என் சக்கரையக் குடு!"

அந்த அம்மாளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "புள்ளைக்கு அருள் வந்திருக்குதுங்க. இனிப்புக் கேக்குது பாருங்க" என்று காருக்குள் கைவிட்டுப் பழனிப் பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு நெற்றியைக் காட்டிக் குனிந்தார். திருநீறு கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கையில் இருந்தது சேறுதான். தாராளமாகவே பூசிவிட்டேன்.

அப்புறம் அவர் நிமிர்ந்து, எனக்குப் பின்னால் சேறு பூசி நின்ற பெண்ணைப் பார்த்தார். அது அத்தை என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெரியப்பா அனுப்பிய போட்டோவில் அத்தை பவுடர் போட்டிருந்தாள்.

"தாயி, ஒரு வாக்குச் சொல்லு. இந்த ஊருல எம் மகனுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கறோம். இந்த எடம் அமையுமா?"

குலவைகூட நின்றுவிட்டது. அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'ஆகாது' என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் காய்ந்திருந்த மண்ணில் ஈரமாக ஒரு கோடு மெல்லக் கீழே இறங்கியது. நல்ல வெயில், வியர்த்திருக்கும் என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் பின்வாங்கினார். "ஆத்தா கண்ணு கலங்குறாளப்பா. உத்தரவு இல்ல. வண்டியத் திருப்புங்க" என்றார். மாப்பிள்ளை அதற்கு முன்பே காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தார். நான் விடைகொடுக்கும் விதமாகக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி ஈறைக் காட்டி உறுமினேன். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. தோழி கேமராவை நிறுத்தவே இல்லை. படத்தில் கார் வருகிற ஒரே காட்சி அதுதான், அதற்கு நாங்கள் வாடகைகூடக் கொடுக்கவில்லை.

"அத்தே, நாந்தேன் வெரட்டுனேன், பாத்தியா?" என்று அத்தையிடம் ஓடினேன். அவள் சேற்றோடு என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அல்லது அழுதாள். மண் பூசிய முகத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. குளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் தக்காளிக் காட்டில் அப்பா மம்பட்டியை ஊன்றியபடி நின்றிருந்தார். என் நடிப்பை அவரும் பார்த்திருப்பார் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

நாலு மணிக்குப் பெரியப்பா மல்லிகைப்பூவும் ஜிலேபியுமாக வீட்டில் உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. போன்தான் வந்தது. சத்தமாக வைத்துத்தான் பேசுவார் என்பதால் எல்லோருக்கும் கேட்டது.

"ஏனுங்க, காப்புக் கட்டுன ஊருக்கு எங்கள வரச் சொல்லிப்போட்டீங்களே, நாயமுங்களா?"

"காப்பா? எங்கூர்லயா? யாரு சொன்னா?" பெரியப்பாவுக்குக் கண் பிதுங்கியது. "அதெல்லாம் ஒண்ணும்..."

அப்போது அப்பா எழுந்தார். அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. பெரியப்பா கையிலிருந்த போனை மெதுவாக வாங்கினார்.

"ஆமாங்க. காப்புக் கட்டியாச்சுங்க" என்றார். "எங்க தப்புத்தேன், முன்னாலயே சொல்லியிருக்கணும். நீங்க வேற எடம் பாருங்க. பிள்ளைக்குப் படிப்பும் இன்னும் முடியல."

எனக்கு வயிறு எரிந்தது. அவர்களை விரட்டியது நான். உயிரைக் கொடுத்து நடித்தது நான். பெயரைக் கொண்டுபோய் ஆத்தாளுக்குக் கொடுக்கிறாரே! "இல்லப்பா, நாந்தேன்..." என்று வாயெடுத்தேன். அப்பாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. அதில் தக்காளிச் செடி வாசம் அடித்தது.

"என்னடா இது?" என்றார் பெரியப்பா. கோபமாகக்கூட இல்லை, அதிசயமாகக் கேட்டார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கோயில் பக்கம் போய்விட்டார். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு அவர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழனிக்காரர்கள் சீக்கிரமே வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறார்கள் என்று கேள்வி. கல்லூரியில் படம் போட்டபோது, வேப்பிலை செருகிய ஜோம்பிகள் வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கடைசியில் ஓடுகிற பெயர்களில் 'குட்டிப் பேய்' என்று என் பெயர் இருக்கிறது. சென்னையில் இன்று அத்தை படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் அறைக்குப் போனால், முதலில் அதைப் போடச் சொல்லித்தான் உட்காருவேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அப்பாமேல்தான் கோபம். அவர் நடந்துகொண்ட விதமும் சரியில்லை. கோயிலிலிருந்து திரும்பியவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஊரில் சாட்டு இல்லை, கொட்டு இல்லை, வேறு யார் கையிலும் கயிறு இல்லை, இவர் கையில் மட்டும். காட்டுக்கு வெறுங்காலோடு போனார். பாயை விட்டுவிட்டு வெறுந்தரையில் படுத்தார். தேனியில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் தங்க வேண்டியிருந்ததை, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு வீட்டில் கோழிக்குழம்பு. அம்மா ஒன்றும் கேட்காமல் அப்பா தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

"ஏம்ப்பா, கறி வேணாமா?"

"வயிறு செத்த சரியில்லடா."

"அப்ப உங்க ஈரல் எனக்கு?"

"எடுத்துக்கடா பேயி" என்று அவரே எடுத்து என் தட்டில் வைத்தார். ஈரல் மெத்தென்று இருந்தது. மெல்ல மெல்ல அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியை மன்னித்துவிட்டேன். மீதிப் பாதியை, அவர் தட்டுக்குப் போகாமல் சட்டியில் கிடந்த தொடைக்கறிக்காக வைத்துக்கொண்டேன்.