வாயில்லாப் பூச்சியும் பச்சை போனும்

என் வீட்டுக்காரரைப் பற்றித் தெருவில் யாரைக் கேட்டாலும் வாயில்லாப் பூச்சி என்பார்கள். பொய்யில்லை. கல்யாணமான புதிதில் நான் என்ன கேட்டாலும் ‘ம்’ ஒன்றுதான் பதில். வம்புக்கு இழுத்தால்கூட எழுந்துபோய்ச் செருப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. நாள் முழுக்க யாரோடும் பேச வேண்டாம். அவருக்கென்றே செய்துவைத்த வேலை.

அந்தக் கடையை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, டயர் கடை மாடியில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். என்ன வேலை என்றால் “கம்ப்யூட்டர்” என்றார். தேர்தல் நெருங்கியபோதுதான் அது ஏதோ ஒரு கட்சி வாடகைக்குப் பிடித்த இடம் என்று தெரிந்தது. எந்தக் கட்சியாக இருந்தால் நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் மனுஷன் மாற ஆரம்பித்தார். பச்சை உறை போட்ட இன்னொரு போன் வீட்டுக்குள் வந்தது. சாப்பிடும்போது அதைப் பார்த்துச் சிரிப்பார். என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை காலம் ஆகிறது! குளிக்கப் போனாலும் அது கூடவே போகும். “யாருங்க அது?” என்றால் “ஆபீஸ்” என்பார். ஆபீஸைப் பார்த்து எவனாவது சிரிப்பானா?

ஒருநாள் துணி மடிக்கிற சாக்கில் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தேன். ‘மாத்திரை போட்டீங்களா? நீங்க சாப்பிட்டாச்சுன்னு தெரிஞ்சாதான் எனக்கு சோறு இறங்கும்’ என்று அடித்துக்கொண்டிருந்தார். நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது “மாத்திரை மேஜை மேல இருக்கு” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போன மனுஷன்! வயிறெரிந்தது. எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்பாவிடம் போய் அழலாம் என்றால், அவரே இப்போதுதான் தேறி வந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். தாடியும் அழுக்குச் சட்டையுமாகக் கிடந்தவர், திடீரென்று மீசைக்கு மை போட ஆரம்பித்தார். “டீச்சர்னு ஒருத்தங்க பாப்பா. போன்ல மெசேஜ்லதான் பழக்கம். பாவம், அவங்களுக்கும் வீட்டுக்காரர் இல்ல” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே, “இந்தத் தடவை ஓட்டை மாத்திப் போடலாமான்னு பாக்கறேன். டீச்சர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கட்சிக்காகக் கூடப்பிறந்த தம்பியோடு பேச்சையே நிறுத்தியவர் என் அப்பா. யார் இந்த டீச்சர்?

ஓட்டுக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு டயர் கடை மாடிக்குப் போனேன். அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றுதான். ரப்பர் நாற்றம் மாடிவரை வந்தது. சுவர் முழுக்கத் தட்டு அடித்து, தட்டு முழுக்கப் போன்கள் சார்ஜில் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சீட்டு: டிரைவர், மருமகள், மிலிட்டரி. என் வீட்டுக்காரர் கை கழுவப் போயிருந்தார். அவர் மேஜையில் கிடந்த பச்சை போனைப் புரட்டினேன். டீச்சர்.

பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது போல. “வாங்க அண்ணி! அண்ணன்தான் இங்க ஸ்டார். ஒவ்வொரு போனுக்கும் ஒரு வேஷம். தனியா இருக்கற பெரியவங்களா பாத்துப் பழகணும். மொதல்ல கட்சிப் பேச்சே எடுக்கக் கூடாது, பாசம் மட்டும்தான். அதுக்குப் பேரு சூடாக்கறது. கடைசியிலதான் ஓட்டு. அண்ணனோட டீச்சர் பேசினா கல்லும் கரைஞ்சிடும்!”

“கரைஞ்சு?”

“வெயில்ல ஓட்டுப் போட வரணும்ல? அதான், ‘நாளைக்கு பூத்து வாசல்ல நேர்ல பாக்கலாம்’னு எல்லாருக்கும் போட்டுவிட்டாச்சு.”

அப்பாடா, எவளும் இல்லை என்று ஒரு நொடி உயிர் வந்தது. அந்த மெசேஜ் யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தேன். முதல் பெயருக்குப் பக்கத்து வட்டப் படத்துக்குள் அப்பாவும் அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை எடுத்ததே நான்தான்.

“ஏங்க, இது எங்கப்பாங்க!”

வாசலில் ஈரக் கையோடு நின்றார். “தெரியும்.”

“தெரியுமா?”

“நம்பர் லிஸ்ட்ல வந்துச்சு. வேற யாராவது எடுத்தா ஏமாத்திடுவாங்கன்னு நானே எடுத்தேன். அப்புறம் அவர் மனசுவிட்டுப் பேச ஆரம்பிச்சாரு. எனக்கும் பேச வந்துச்சு.”

அவர் என்னிடம் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அதை நம்பலாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. “நாளைக்கு அந்த மனுஷன் வெயில்ல போய் நிக்கப் போறாரு. பிரஷர்காரர். யாரும் வரலன்னா என்ன ஆகும்? கிளம்புங்க, உங்க வாயாலயே சொல்லுங்க” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அப்பா நாளைக்குப் போடச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இவர் கழற்றிய செருப்பை வாசலில் நேராக வைத்துக்கொண்டிருந்தார். நானே எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“யாரு, உன் புருஷனா? அவருக்கு நாலு வார்த்தை கோர்வையாப் பேச வருமா? ஏன் பாப்பா, அப்பன் நல்லா இருந்தா உனக்குப் பொறுக்கலையா?”

“சொல்லித் தொலைங்களேன்!” என்று கத்தினேன். இவர் பச்சை போனில் எதையோ அடித்தார். அப்பாவின் போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தார். ‘மாமா, நான்தான். மன்னிச்சிடுங்க.’

அப்பா இவர் கையிலிருந்த போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எதையோ திருடிவிட்டு வந்து நிற்பது போல ஒரு பார்வை. அப்புறம் முதுகைக் காட்டித் திரும்பி, ஒற்றை விரலால் மெதுவாக அடிக்க ஆரம்பித்தார்.

பச்சை போன் மணியடித்தது. வாங்கிப் படித்தேன்.

‘டீச்சர், உங்க போன் எங்க மாப்பிள்ளை கையில மாட்டிக்கிச்சு. பயப்படாதீங்க. நாளைக்கு சொன்ன இடத்துல நான் வந்து நிப்பேன்.’