கோதுமை இல்லாத இருபத்தொரு வேளை

2022 நவம்பர் 9, புதன்கிழமை, காலை பத்து நாற்பது. தூறல். மதுரையில் குடல் மருத்துவர் ஒருவரின் அறையில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் பதினோரு பேர் காத்திருந்ததால் எங்களுக்கு ஆறு நிமிடம்தான் கிடைத்தது. கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்கிற பொருள் அவள் குடலுக்கு ஆகாது என்றார் மருத்துவர். அது உள்ளே போகப் போகக் குடலின் உட்சுவர் அரிபடுகிறது, சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டுவதில்லை. இதற்கு மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை, பார்லி எதையும் ஆயுள் முழுக்கத் துளிகூடச் சேர்க்கக் கூடாது. எலும்பு ஏற்கெனவே மெலிந்து கிடக்கிறது என்று படத்தைக் காட்டினார்.

"இனிமேலாச்சும் சத்து ஒட்டணும் சார். இல்லேன்னா ஒரு தடவை விழுந்தாப் போதும்."

அன்று அவள் எடை நாற்பத்தொரு கிலோ முந்நூறு கிராம். அவளுக்கு வயது அறுபத்தாறு, எனக்கு எழுபத்தொன்று.

திரும்பும் பேருந்து வாடிப்பட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது. "நன்மை கோதுமைதானேங்க?" என்று அவள் கேட்டாள். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிறு பூசையில் சாமியார் நாவில் வைக்கும் மெல்லிய வட்ட அப்பத்தை எங்கள் வீட்டில் நன்மை என்போம். அது கோதுமை மாவிலும் தண்ணீரிலும் செய்வது, வேறு மாவில் செய்ய விதி இல்லை.  

அந்த வாரத்திலிருந்தே நன்மை வாங்குவதை நிறுத்தினாள். நான் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். கிண்ணத்திலிருந்து திராட்சை இரசம் மட்டும் ஒரு வாய் தரலாம், அதுவும் முழு நன்மைதான் என்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரே பார்க்கத் தனக்கென்று தனியாக ஒன்று வேண்டாம் என்றாள். மற்றவர்கள் வரிசையில் போகும்போது நான்காவது பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான், சொல்ல முடியாத பாவம் ஏதோ இருக்கிறது. பக்கத்துப் பெஞ்சுக்காரி ஒருத்தி, சாமியார்ட்ட பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி எம்புட்டு நாளாச்சு என்று ஜாடையாகக் கேட்டிருக்கிறாள். "பெரிய கொலை ஒண்ணு பண்ணிட்டேன் மதினி, சாமியாருக்குக் காது கேக்கல, அதான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தவள், அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

சமையலை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அடுப்படியில் அரை மணி நேரம் நிற்கத் தெம்பில்லை என்பது ஒரு காரணம். என் எண்ணிக்கையைத் தவிர எதையும் நான் நம்புவதில்லை என்பது இன்னொன்று. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். ஏழு நாள், மூன்று வேளை, ஆக இருபத்தொரு வேளை. காலையில் நான்கு நாள் இட்லி, இரண்டு நாள் கம்பங்கூழ், ஒரு நாள் பச்சரிசிப் பொங்கல். மத்தியானம் ஏழு நாளும் சோறு, ஒரு குழம்பு, ரசம், மோர், ஒரு வெஞ்சனம். வெஞ்சனத்துக்குப் பெரும்பாலும் முருங்கைக் கீரை, இல்லாவிட்டால் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து இறங்கும் காயில் மலிவான ஒன்று. இரவில் இடியாப்பம், ராகி அடை, சோள தோசை, அரிசி உப்புமா என்று மாற்றி மாற்றி. தெற்கத்தி வீட்டில் கோதுமை இல்லாமல் சாப்பிடுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. சப்பாத்தி, ரவை உப்புமா, சேமியா, பன், பிஸ்கட் ஐந்தையும் நிறுத்தினால் போதும். அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கு மேலும் கவனமாகத்தான் இருந்தேன். மாவு மில்லில் கோதுமை அரைத்த எந்திரத்திலேயே ராகியும் அரைப்பார்கள் என்பதால் எல்லாவற்றையும் வீட்டு மிக்ஸியில் அரைத்தேன். பழைய தோசைக்கல்லில் முன்பு சப்பாத்தி சுட்டதால் புதுக்கல் வாங்கினேன். மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, சாம்பார்ப்பொடி மூன்றும் வீட்டிலேயே. விருந்து, கல்யாணம், கருமாதி என்று எதிலும் அவள் கை நனைக்கவில்லை. அடுத்த பத்தொன்பது மாதத்தில் இருபத்தாறு அழைப்புகள் வந்தன, இருபத்தாறிலும் மொய்யை மட்டும் வைத்துவிட்டு வந்தோம்.

முதல் மூன்று மாதத்தில் எண்ணூறு கிராம் கூடினாள். அப்புறம் எடை நின்றது. பிறகு இறங்கியது. வயிறு உப்புகிறது, வலிக்கிறது என்பாள். வலி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மோரில் பெருங்காயத்தூள் ஒரு சிட்டிகை. ரசத்தில் வழக்கமாகப் போடுவதோடு இன்னும் ஒன்று. வாயு கலையும், செரிக்கும். வலி கூடக் கூடச் சிட்டிகையும் கூடிற்று. ஐம்பது கிராம் டப்பா முதலில் இரண்டரை மாதம் வந்தது, கடைசியில் இருபது நாளில் காலியானது. செலவு நோட்டில் இந்த மாற்றத்தை எழுதியும் வைத்திருக்கிறேன். விலைவாசிக்குப் புலம்பியதோடு சரி.

மருத்துவர் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது என்றார். நான் சண்டை போட்டேன். அவளையும் சந்தேகப்பட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும். கோயிலில் எனக்குத் தெரியாமல் நன்மை வாங்குகிறாயா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.   அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் கோயிலுக்கே போகவில்லை.

2024 ஜூன் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, பெருங்காய டப்பா வாங்கப் பேகம்பூரில் ஒரு மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய்க்கு என்னை முப்பது வருடமாகத் தெரியும். நான் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். கடைத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை வைப்பது, அடைத்து விற்கும் பொட்டலத்தில் எடை, விலை, அடைத்த மாதம் மூன்றும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் துறையின் வேலை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதைப் பார்ப்பது வேறொரு துறை. பாயின் தராசு ஒருமுறை எட்டு கிராம் குறைத்துக் காட்டியதற்கு நான் அபராதம் போட்டிருக்கிறேன். அதை அவர் மறந்ததில்லை.

"என்ன சார், போன மாசந்தான ஒண்ணுக்கு ரெண்டா வாங்குனீங்க? பெருங்காயத்துக்குத் தொட்டுக்கச் சோறு திங்கிறீங்களா?"

மனைவியின் வயிற்றைப் பற்றிச் சொன்னேன். கோதுமை ஆகாது என்றும் சொன்னேன். டப்பாவை நீட்ட வந்த கையை அவர் மடக்கிக்கொண்டார்.

"கோதுமை ஆகாதுங்கிறீங்க, இத வாங்குறீங்க. பெருங்காயம் பிசின் சார், பிசுபிசுன்னு ஒட்டும். மாவு சேக்காம எப்படித் தூளாகும்? இதுல அம்புட்டும் மைதா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திருப்பினேன். எடை ஐம்பது கிராம், சரி. விலை, மாதம், சரி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று முதலாவதாகவே இருந்தது. பெருங்காயம் கடைசியில் இருந்தது.

"வேலையில இருந்த வரைக்கும் எங்க டப்பாவ எல்லாம் திருப்பித் திருப்பிப் பாத்தீங்களே சார்" என்றார் பாய். கேலியாகத்தான் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, உள்ளேயிருந்து ஸ்டூலை எடுத்துப் போட்டார். மாவு கலக்காத கட்டி கொஞ்சம் இருந்தது. அதைத் தாளில் மடித்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்கு ஓடிற்று. பத்தொன்பது மாதத்தில் பதினாறு டப்பா, எண்ணூறு கிராம். அதில் பாதிக்கு மேல் அவள் வயிற்றில். வாரத்தின் இருபத்தொரு வேளையில் பதினேழில் பெருங்காயம் இருந்தது. மீதி நான்கில் இரண்டு கம்பங்கூழ்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று வாசலில் நின்று யோசித்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த காம்பை முழுக்க உருவி முடித்துவிட்டு, இதைத்தான் கேட்டாள்:

"அப்ப நான் நன்மை வாங்கியிருக்கலாம்லங்க?"

எண்பத்து மூன்று ஞாயிறு. ஓர் அப்பம் கால் கிராம் என்று வைத்தாலும் இருபத்தொரு கிராம் வராது. அதை விட்டுவிட்டு, கோயிலுக்குப் போகாத இரண்டைக் கழித்து எண்பத்தொரு ஞாயிறு பாவியைப் போல உட்கார்ந்திருந்தாள். அப்பமும் அவளுக்கு ஆகாததுதான், வாங்கியிருந்தாலும் கெடுதல்தான் என்று நான் விளக்கப் பார்த்தேன். "சரிங்க" என்றாள். அந்தச் சரியோடு இன்றுவரை குடித்தனம் நடத்துகிறேன்.

பெருங்காயத்தை அடியோடு நிறுத்தினேன். பாய் கொடுத்த கட்டியையும் போட மனம் வரவில்லை. பூண்டும் சீரகமும் மட்டும் தட்டிப் போட்ட ரசம். ஜூலை கடைசியில் முப்பத்தொன்பது கிலோ எண்ணூறிலிருந்து நாற்பது கிலோ நானூறுக்கு ஏறினாள். உப்புசம் இல்லை என்றாள். ஒரு வேளை இரண்டு கரண்டி சோறு கூடக் கேட்டு வாங்கினாள். அந்த அறுநூறு கிராமை மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி, புதன்கிழமை, காலை ஏழு ஐந்து. நான் இடியாப்ப மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவள் குழாயடிக்குப் போயிருந்தாள்; அங்கே தண்ணீர்கூட இல்லை, காய்ந்த தரைதான். திரும்பும்போது கால் மடங்கி உட்கார்ந்தாற்போல விழுந்தாள். சத்தமே வரவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

எலும்பு மருத்துவரிடம் தேதிகளை எல்லாம் சொன்னேன். அந்தப் பத்தொன்பது மாதமும் சத்து ஒட்டியிருந்தால் தாங்கியிருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். திரும்பவும் கேட்டேன். தாங்கியிருக்கலாம் என்றார். முழங்காலிடுவது இனி முடியாது, வாக்கர் பிடித்துக் கழிப்பறை வரை போகலாம், அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

ஒன்பது நாள் படுக்கை, அறுவை, தகடு, இரண்டு பாட்டில் இரத்தம், ஆம்புலன்ஸ் போக வர, வாக்கர். ஓய்வூதியக் காப்பீட்டில் வந்ததைக் கழித்து என் கையிலிருந்து போனது ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். செலவு நோட்டில் அதைப் பெருங்காயக் கணக்குக்குக் கீழேயே எழுதினேன்.