சிவப்புப் பொட்டு இல்லாத ஆர்மேச்சர்

மீனாட்சிபுரத்தில் மோட்டாருக்குக் கம்பி கட்டும் என் வைண்டிங் கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "ஏனுங்ணா, அக்கா இல்லீங்களா?" பலகையில் இருப்பது என் பெயர். அக்கா என்பது என் மனைவி. தொழிலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மூன்றே வருஷத்தில் ஊர் அதை மறந்துவிட்டது, எனக்குத்தான் மறக்கவில்லை.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்கப் போவதில்லை. மிக்ஸி மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரை மடியில் வைத்து அவள் செம்புக் கம்பியை அதன் காடிப் பள்ளங்களுக்குள் சுற்றும்போது வாய் சீரியல் கதை சொல்லிக்கொண்டிருக்கும், விரல் ஒரு சுற்றுகூடத் தவறாது. எனக்கோ பக்கத்தில் யாராவது தும்மினாலே எண்ணிக்கை போய்விடும்.

அவளுக்கு ஒரு வழக்கம். கருகிய பழைய கம்பியை அறுப்பதற்கு முன், முதல் கம்பிச் சுருள் கிடக்கும் காடியின் ஓரத்தில் எங்கள் மகளின் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். அந்தச் சுருளின் முனை, தண்டின் நுனியில் பட்டை பட்டையாக இருக்கும் கம்யூட்டேட்டரில் எத்தனையாவது செம்புப் பட்டையில் போய்ச் சேருகிறது என்று பொட்டிலிருந்து எண்ணி நோட்டில் எழுதுவாள். ஒரு பட்டை தள்ளிப்போனாலும் மோட்டார் ஓடும், ஆனால் கார்பன் பிரஷ்ஷில் பொறி பறக்கும். "பொட்டு வெச்சாச்சு, பூவு வெக்கலையா?" என்று கிண்டல் செய்வேன். வேலை முடிந்த பிறகும் வார்னிஷுக்கு அடியில் அந்தப் பொட்டு தெரியும். ஊரில் அதுவே அவள் முத்திரையாகிவிட்டது.

பக்கத்து ஊர் எருத்தேன்பதியில் டைல்ஸ் போடுகிறவர் ஒருவர் எரிந்துபோன மார்பிள் கட்டரோடு வந்தார். "அக்காகிட்டக் குடுத்துருங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நானே எடுத்து உட்கார்ந்தேன். பொட்டு வைக்க மட்டும் கை வரவில்லை. அவள் பாலிஷை நான் தொடுவதா? கம்பி முழுவதையும் அறுத்துப் போட்டுவிட்டு, பட்டையைக் குத்துமதிப்பாகப் பிடித்துக் கட்டிக்கொடுத்தேன்.

நாலாம் நாள் அவர் திரும்பி வந்து மெஷினைக் கடையிலேயே ஓட்டிக் காட்டினார். காற்றுத் துளைகள் வழியாகப் பொறி கொட்டியது. மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள்.

"இது அவ கட்டுனதுங்க" என்றேன். யோசிப்பதற்குள் வாய் முந்திவிட்டது.

அவர் நம்பவில்லை. மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "அக்கா கட்டுனா செவப்புப் பொட்டு இருக்கோணுமே."

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"நாந்தானுங்க கட்டுனேன். பாலிஷ் தீந்துபோச்சு, பொட்டு வெக்காம உட்டுட்டேன். நாளைக்கு வாங்க, மாத்திக் கட்டி வெக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். "செரி உடுங்கக்கா, ஆனைக்கும் அடி சறுக்கும்."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அப்புறம்தான். முதலில் வந்தது சந்தோஷம். அவளுக்கும் தப்பு வரும் என்று ஒருவராவது நம்பிவிட்டாரே என்ற சந்தோஷம்.

அவர் போனதும் அவள் மேஜை டிராயரைத் திறந்து நகப்பாலிஷை எடுத்து என் முன்னால் வைத்தாள். பாட்டில் நிறைய இருந்தது.