கம்ப்ரசர் போகவில்லை, ரிலேதான்

நாளை பௌர்ணமி. கிரிவலம் வருபவர்களுக்கு மோர் விற்க வாங்கிய தயிரெல்லாம் கடை ஃப்ரிட்ஜில். இன்று காலை அது ஓடவில்லை. லேசாக முனகும், 'டக்'கென்று நின்றுவிடும்.

மெக்கானிக் வந்தார். எதையும் கழற்றாமலே, "கம்ப்ரசர் போச்சுங்க, மாத்தணும். உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டு சொல்லுங்க" என்றார்.

"கடை என்னுதுங்க. முதல்ல ரிலேவைப் பாருங்க. மோட்டாரைக் கிளப்பிவிடறதே அதுதானே?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரிலேவை நானே உருவினேன். அவர் காதருகே குலுக்கினேன். நல்ல ரிலேவில் சத்தமே வராது. இதில் உள்ளே உடைந்துபோன வில்லையின் துண்டுகள் கலகலவென்றன.

புது ரிலே போட்டதும் கம்ப்ரசர் ஓடுகிறது. நாளை மோர் சில்லென்று கிடைக்கும்.

வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் குடிப்பேன் என்பவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள்.