பொங்கலுக்கு அடுத்த நாள்

என் தாய்மாமன் தில்லையம்பலத்துக்கு இப்போது எழுபத்திமூன்று வயது. கனடாவில், வோபர்னில் நாங்கள் இருக்கிற அதே கட்டடத்தில், எங்களுக்கு மூன்று மாடி மேலே தனியாக இருக்கிறார். கோப்பிக் கடையில் அவரை 'ஜெனரல்' என்பார்கள். முதலில் மரியாதையாகச் சொன்னார்கள். 2009க்குப் பிறகு அதே பெயரைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

"வாங்கோ ஜெனரல், இண்டைக்கு எந்தப் பக்கத்தால உள்ளுக்க விட்டு அடிக்கப் போறியள்?" என்று கேட்பார் மரியரட்ணம் அங்கிள்.

மாமா கோப்பியை எடுத்துக்கொண்டு யன்னலோர மேசைக்குப் போவார்.

"பாருங்கோ, பின்வாங்கிறார். உது தந்திரோபாயப் பின்வாங்கல்."

மேசை முழுவதும் சிரிக்கும். நானும் ஒருமுறை சிரித்திருக்கிறேன்.

ஊரில் மாமா நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைகிற வேலை பார்த்தவர். வன்னியில் எந்தக் குளத்துக்கு எந்தப் பக்கம் காடு, எந்தப் பாதை மாரியில் புதையும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 1988இல் இங்கே பார்க்டேலுக்கு வந்து, ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் காவல் வேலையில் சேர்ந்தார். அங்கே மேசைக்குக் கீழே நூலகத்தில் எடுத்த யுத்தப் புத்தகங்களை வைத்து வாசித்தார். சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு தமிழ் வானொலியில் களநிலவரம் சொன்னார்.

1995இல் யாழ்ப்பாணம் கைவிட்டுப் போனபோது இங்கே எல்லோரும் அழுதார்கள். மாமா அழவில்லை. "நிலத்தை விட்டுப் படையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்குள் ஆனையிறவு விழும்" என்று வானொலியில் சொன்னார். 2000 சித்திரையில் ஆனையிறவு விழுந்தது. கோயில் மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அவர் சொன்னது அந்த ஒரு முறை சரியாக வந்திருக்காவிட்டால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். ஒரு பின்வாங்கல் உண்மையிலேயே திட்டமாக இருந்ததால், அதற்குப் பிறகு நடந்த எல்லாப் பின்வாங்கலையும் சனம் திட்டம் என்றே எடுத்துக்கொண்டது. மடு, பூநகரி, பரந்தன், கிளிநொச்சி என்று ஒவ்வொன்றாகப் போகப் போக இங்கே நம்பிக்கை கூடியது. இடம் எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு பெரிய அடி வரும் என்று கோப்பிக் கடையிலும் கலியாண வீட்டிலும் பேசினார்கள். அப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தவர் மாமா.

2009 தை மாதம் நானும் அம்மா தவமணியும் தருமபுரத்தில் ஒரு பங்கருக்குள் இருந்தோம். அப்பா ஷெல்லில் இறந்து நான்கு மாதம். எனக்கு ஏழு வயது. சனம் எல்லாம் கிழக்கே விசுவமடுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அம்மாவும் சாமான்களைக் கட்டிவிட்டு, யாரிடமோ கெஞ்சி ஒரு சற்றலைற் போனில் மாமாவைப் பிடித்தார். மாமா அம்மாவுக்குச் சொன்னது இதுதான்:

"சனம் போற பக்கம் போகாத. பங்கரை இன்னும் ஆழமா வெட்டு. ஆமி உன்னைத் தாண்டிப் போகட்டும். தாண்டினாப்பிறகு வெள்ளைச் சீலையோட வெளிய வா."

பொங்கலுக்கு அடுத்த நாள் நாங்கள் வெளியே வந்தோம். பொங்கலன்று ஏன் சர்க்கரைப் புக்கை இல்லை என்று நான் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு சிப்பாய் பிஸ்கட் பக்கெற்றை நீட்டியதும், அம்மா என் கையைத் தட்டிவிட்டதும் நினைவிருக்கிறது. பிறகு முகாம், பிறகு சென்னை, பிறகு கனடா.

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். மூன்றாம் வருடத்தில் அந்த யுத்தத்தின் திருப்புமுனைகள் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மாமாவிடம் போய் வரைபடத்தை விரித்து வைத்துக் கேட்டேன். மூன்று மணி நேரம் விளக்கினார். கடைசியில்தான் கேட்டேன்.

"அம்மாவுக்குச் சொன்னதை றேடியோவிலயும் சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொன்னா எல்லாரும் பங்கருக்குள்ள இருந்திடுவினம்."

"இருந்தால் என்ன?"

"சனம் இல்லாட்டி லைன் நிக்காது பிள்ளை. மண் அணை கட்ட, சாப்பாடு குடுக்க, ஆளைக் குடுக்க, எல்லாத்துக்கும் சனம் வேணும். ஒரு படை பின்னுக்குப் போகேக்க சனமும் சேர்ந்து போகோணும். உது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்."

"அம்மாவும் சனம்தானே?"

"அவள் என்ர தங்கச்சி" என்றார். கணக்கில் பிழை விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கட்டுரையில் பெயர் போடாமல், 'புலம்பெயர் ஆய்வாளர் ஒருவர்' என்று இரண்டு வரி எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் 'மிகவும் கூர்மையான அவதானம்' என்று குறித்திருந்தார். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில் கோணேஸ்வரி அன்ரி இருக்கிறார். திருகோணமலைக்காரர். 1999இல் மகள் மதுராவோடு இங்கே வந்தவர். மகன் யசிந்தன் அங்கேயே நின்று, சமாதான காலத்தில் விசுவமடுவில் லொறி திருத்துகிற வேலைக்குப் போய், அங்கேயே கலியாணம் முடித்தான். நாங்கள் பங்கரை விட்டு வெளியே வந்து ஒன்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை, அன்ரி அந்த வானொலிக்குப் போன் எடுத்தார். அவர் கேட்டதும் மாமா சொன்னதும் அன்ரிக்கு இன்றைக்கும் சொல்லுச் சொல்லாகப் பாடம்.

"ஐயா, என்ர மகனும் பெண்சாதியும் ரெண்டு பிள்ளையளும் விசுவமடுவில நிக்கினம். அவன்ர மாமன் மாமி பங்கரை விட்டு வரமாட்டினமாம். இவன் சனத்தோட போறதோ, நிக்கிறதோ எண்டு நாளைக்குப் போனில கேப்பான். நான் என்ன சொல்ல?"

"அம்மா, மக்கள் எங்கே போகிறார்களோ அங்கேதான் பாதுகாப்பு. புதுக்குடியிருப்புப் பக்கம் போகச் சொல்லுங்கள். அங்கிருந்துதான் பெரிய அடி எழும்பப் போகிறது."

அடுத்த நாள் யசிந்தன் எடுத்தான். மதுராவுக்கு அப்போது பத்தொன்பது வயது. "நிக்கச் சொல்லுங்கோ அம்மா, பிளீஸ், நிக்கச் சொல்லுங்கோ" என்று பக்கத்தில் நின்று கத்தினாளாம். "உனக்கு என்ன தெரியும்?" என்று அவளைத் தள்ளிவிட்டு, "எல்லாரோடயும் போ மகன்" என்றார் அன்ரி. யசிந்தனும் மனைவியும் பிள்ளைகளும் முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். திரும்பவில்லை. பங்கரை விட்டு வராத யசிந்தனின் மாமனும் மாமியும் இன்றைக்கும் விசுவமடுவில் உயிரோடு இருக்கிறார்கள்.

மதுரா இப்போது ஒஷாவாவில் இருக்கிறாள். பதினைந்து வருடமாகத் தாயோடு பேச்சில்லை. பேத்தியை அன்ரி படத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனால் மாமாவில் அன்ரிக்குக் கோபம் வந்ததே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவருக்குப் பிட்டும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுப்பார். மாமாவும் வாங்கிச் சாப்பிடுவார்.

போன பங்குனியில் அன்ரி ஒரு முடிவெடுத்தார். மொன்றியலில் இருக்கும் தன் தங்கச்சி மூலம் மகளுக்குச் சொல்லியனுப்பினார்: ஒருக்கா வந்து தில்லையம்பலம் ஐயா சொல்லுறதைக் கேள், கேட்டாப்பிறகும் கோபமெண்டால் இனிக் கரைச்சல் தரமாட்டன். மதுரா சம்மதித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணித்தியாலம்.

"அந்த நேரம் ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது எண்டு நீங்க சொன்னாக் காணும் ஐயா. உங்கட வாயால கேட்டா அவள் நம்புவாள்."

"சொல்லுறன்" என்றார் மாமா.

அன்ரியின் வீட்டில்தான் சந்திப்பு. அன்ரி விடியவே எழும்பி றோல்ஸ் பொரித்திருந்தார். அம்மாவும் நானும் ரீ ஊற்ற உதவிக்குப் போயிருந்தோம். மதுரா கோட்டைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தாள். தாயைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்கோ அங்கிள்."

மாமா வானொலிக் குரலில் தொடங்கினார். "பிள்ளை, ஒரு யுத்தத்தில் நடக்கும்போது ஒன்றும் தெரியாது. முடிந்த பிறகுதான் எல்லாம் தெளிவாகத் தெரியும். அன்றைக்கு உலகத்தில் எந்த ஆய்வாளருக்கும்..."

"அங்கிள், சொறி. ஒரு கேள்விதான். அப்ப உங்கட ஆக்கள் எங்க நிண்டவை?"

"எங்கட தங்கச்சியும் உள்ளுக்கதான் நிண்டது. இந்தப் பிள்ளையோட." மாமா என்னைக் காட்டினார்.

மதுரா என் பக்கம் திரும்பினாள். "எப்ப வெளிய வந்தனீங்கள்?"

என் கையில் றோல்ஸ் தட்டு இருந்தது. துணிந்துதான் சொன்னேனா, பழக்கத்தில் உண்மை வந்துவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"பொங்கலுக்கு அடுத்த நாள்."

மதுரா விரல் விட்டு எண்ணினாள். "பொங்கல் பதினாலு. பதினைஞ்சு. அம்மா உங்களுக்கு எடுத்தது இருபத்திநாலு." மாமாவைப் பார்த்தாள். "ஆர் இவையை நிக்கச் சொன்னது?"

மாமா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "உவள் மாறிச் சொல்லுறாள். அப்ப ஏழு வயசு. உவை வந்தது சித்திரையில. வருசப்பிறப்பைப் பொங்கல் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறாள்."

"அன்ரி, நீங்கள் சொல்லுங்கோ" என்று மதுரா என் அம்மாவைக் கேட்டாள்.

அம்மா ரீக் கோப்பைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். கடைசிக் கோப்பையையும் வைத்த பிறகு, "சித்திரை பிள்ளை" என்றார். "இவளுக்கு ஒண்டும் ஒழுங்கா ஞாபகமில்லை."

"பாத்தியே, நான் சொன்னனான்தானே மதுரா" என்றார் கோணேஸ்வரி அன்ரி. அவர் முகத்தில் அப்படி ஒரு ஆறுதல். "ஐயாவின்ர ஆக்களும் கடைசி மட்டும் நிண்டிருக்கினம். ஒருத்தருக்கும் தெரியாது. றோல்ஸ் ஒண்டு எடு மகள், உனக்கெண்டு உறைப்புக் குறைச்சுச் செய்தனான்."

மதுரா எழும்பினாள்.

"அம்மா, அந்தப் பிள்ளை சொன்னதை நீங்கள் கேட்டனீங்கள்தானே?"

"சின்னப் பிள்ளை, மாறி..."

"கேட்டனீங்கள். இப்பவும் அவரைத்தான் நம்புறியள்." அவள் கத்தவில்லை. "நீங்கள் ஏமாந்துபோனீங்கள் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, இப்பவே உங்களைக் காரில ஏத்திக்கொண்டு போறன். அவர் பொய் சொன்னவர் எண்டு சொல்லுங்கோ."

அன்ரி மாமாவைப் பார்த்தார். மாமா ரீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஐயா அப்பிடிப்பட்ட ஆளில்லை" என்றார் அன்ரி.

மதுரா போன பிறகு மாமா இரண்டு றோல்ஸ் சாப்பிட்டார். எங்கள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அம்மா என் கன்னத்தில் அறைந்தார். "ஆரால நீ இண்டைக்கு உயிரோட நிண்டு படிக்கிறாய்?" என்றார்.

புதன்கிழமை, கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் அன்ரி என்னைப் பிடித்தார். மெஷின் சத்தத்தில் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"மகள், அவளுக்குப் போன் எடுத்து, மாசம் மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லு."

"நான் மாறிச் சொல்லேல்லை அன்ரி."

"எனக்குத் தெரியும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஈர உடுப்பை உதறி உதறிக் காயப்போடும் மெஷினுக்குள் போட்டார்.

"அவர் தெரிஞ்சுகொண்டு சொன்னவர் எண்டால், நான் அவனை ஏனெண்டு அனுப்பினனான்? சொல்லு. அதை வச்சுக்கொண்டு நான் எப்பிடிச் சோறு தின்னுறது? எனக்கு அது வேண்டாம் மகள். எனக்கு அவள்தான் வேணும். சித்திரை எண்டு சொல்லு."

அன்று பின்னேரமே மதுராவுக்கு எடுத்தேன். நான் சின்னப் பிள்ளை, வருசப்பிறப்பைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இருந்தது.

"அம்மா சொல்லச் சொன்னவவோ?" என்று கேட்டாள் மதுரா.

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இட்ஸ் ஓகே. நீங்கள் அண்டைக்குச் சொன்னதுக்குத் தாங்க்ஸ். அம்மாட்டச் சொல்லுங்கோ, அம்மா இல்லாமல் நான் பழகீட்டன் எண்டு. இனி எடுக்க வேண்டாம்."

நாலாம் மாடியில் நான் கதவைத் தட்ட முதலே அன்ரி திறந்துவிட்டார்.

"என்ன சொன்னவள்?"

சொல்லத்தான் போனேன். வசனத்தைக்கூட லிப்டுக்குள் தயார் செய்திருந்தேன்.

"யோசிக்கிறாவாம் அன்ரி. கொஞ்சம் பொறுக்கட்டாம்."

"கோபம் இல்லையோ?"

"குறைஞ்ச மாதிரித்தான் இருந்தது."

அன்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றினார்.

இது நடந்து நான்கு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரி நண்டு வாங்கிக் கறி வைக்கிறார். மத்தியானம் தாண்டியதும் எனக்குப் போன் வரும். "இண்டைக்கும் வரேல்லை மகள். வேலையாக்கும், என்ன?" ஓம் என்கிறேன். மொன்றியலில் இருக்கும் தங்கச்சி, அன்ரியின் முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஒரு அறையை வெறுமையாக்கி வைத்திருக்கிறார். இங்கே அன்ரிக்குக் குளிக்க வார்க்கக்கூட ஆளில்லை. போன கிழமை என்னிடம் வந்து கேட்டார்.

"தங்கச்சி இந்த மாதத்துக்குள்ள முடிவு சொல்லட்டாம். போகத்தான் விருப்பம். ஆனா நான் போனாப்பிறகு மதுரா வந்து கதவைத் தட்டினா? நீ படிச்ச பிள்ளை, அவளோட கதைச்சும் இருக்கிறாய். நீ சொல்லு, என்ன செய்ய?"

உண்மையைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்பத் தயாராக இருக்கிற ஒருவரை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கோ அன்ரி" என்றேன்.

அன்ரி அந்த இடத்தில் நின்றபடியே மொன்றியலுக்குப் போன் எடுத்து, அறையை வேறு ஆருக்காவது குடுக்கச் சொன்னார்.