நீல டிரம்முக்கு முன்னால் வேலூர்ப் பெண்

மலைப் பள்ளி விடுதியில் சமைக்கிறவள் நான். படித்தது இரண்டாம் வகுப்பு. பஸ் போர்டை எழுத்துக் கூட்டி நானே வாசித்துக்கொள்வேன், எவரையும் கேட்டதில்லை.

அன்று காலை, செங்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த டீச்சர் சமையற்கட்டுக்கு வந்து, ஒரு பிள்ளையிடமிருந்து வாங்கிய போனை நீட்டினார். படத்தில் ஒரு பெண், மாவில் புரண்டதுபோல வெளுத்த முகம். கீழே இருந்ததைக் கூட்டினேன்: வேலூர்ப் பொண்ணு. யாரென்று பிடிபடவில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் இருந்த விளிம்பு உடைந்த நீல டிரம் என்னுடையது. டிரம்மை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். நெல்லிவாசல் பக்கத்துப் பத்தாம் வகுப்புப் பெண். லீவுக்குப் போய் அண்ணன் போனோடு திரும்பியவள்.

"வேற பேரு, வேற ஊரு போட்டு வச்சிருக்கா. யார் யாரோ இவகிட்ட பேசுறாங்க ஆயா. அவங்க அப்பாவுக்கு வாய்ஸ் அனுப்பிட்டேன்."

"எந்த நம்பருக்கு?"

"ரிஜிஸ்டர்ல இருக்கற நம்பர்தான்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "அது ஊருக்கு ஆள் ஏத்திப் போற ஜீப்புக்காரன் நம்பரு டீச்சர். அந்த ஊரே அதைத்தான் குடுக்கும். சேதி வந்தா, வண்டி நெறஞ்சதும் எல்லாருக்கும் கேக்கறாப்புல போட்டு வுடுவான்."

ஊர் கேட்டுவிட்டால் அப்பனுக்குத் தலைகுனிவு. தாய்மாமன் ஏற்கனவே பெண் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வாரமே படிப்பு நின்றுவிடும். அதையும் சொன்னேன்.

டீச்சர் தன் போனைப் பார்த்தார். "ஒரு டிக்குதான். இன்னும் போய்ச் சேரல."

டவர் கிடைக்கும் வளைவுக்கு ஜீப் வர அரைமணி இருக்கும்.

"அழிச்சுடுங்க."

"நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, ஏன் சொல்லலன்னு என்னைத்தானே கேப்பாங்க?"

"கேப்பாங்க. நேர்ல சொல்லுங்க. ஜீப்புல வோணாம்."

வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். பிறகு அழித்தார். சோறு குழைந்துபோயிற்று, என் கையில் அப்படி ஆனதே இல்லை.

மதியம் ஜீப் வாசலில் நின்றது. ஜீப்புக்காரன் தலையை நீட்டினான். "ஆயா, டீச்சர் இன்னாவோ அனுப்பிட்டு அழிச்சிருக்காங்க. யார் வூட்டு சேதி?"

உள்ளிருந்த அத்தனை தலைகளும் என்னைப் பார்த்தன.

"பசங்களுக்கு சாமை வோணும்னு கேட்டாங்க. உன் வண்டியில வந்தா பாதி வழியிலயே கொட்டிப்பூடும்னு நான்தான் அழிக்கச் சொன்னேன்."

ஜீப்பே சிரித்தது.

மறுநாள், வீட்டுக்கு ஒரு படி என்று ஊரே அளந்துபோட்ட சாமை மூட்டை வந்து இறங்கியது. தூக்கி வந்தவர் அந்தப் பெண்ணின் அப்பா.

டீச்சர் அவரைத் தனியாக உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார். பெண் டிரம்மருகே நின்று நகத்தைக் கடித்தாள். நான் குழம்புக்கு நாலு தடவை உப்புப் பார்த்தேன்.

வெளியே வந்தவர் மகளை வெகுநேரம் பார்த்தார். "உன் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்?" அவள் டிரம்முக்குப் பின்னால் நகர்ந்தாள். "பரீட்சை முடியட்டுங்க. மாமன்காரன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று டீச்சரிடம் சொன்னார். மகள் கொண்டுவந்த போனையும் அவரிடமே விட்டுப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவளிடம் போனைக் கொடுத்தார். பிறகு என்னிடம் காட்டினார். முகம் இன்னமும் வெள்ளைதான். கீழே கூட்டிப் பார்த்தேன். வேலூரை எடுத்துவிட்டிருந்தாள், பொண்ணு மட்டும் இருந்தது. வேறு எந்த ஊரும் அங்கே இல்லை.