அம்மா மீண்டும் கேட்கப் பழகிய நாட்கள்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மகளாக அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன்.

அம்மா இலுப்பூரில் பிறந்தவர். அப்பாவை மணந்து திருக்கோகர்ணம் வந்தபின் அங்கன்வாடியில் வேலை பார்த்தார். நாற்பதைத் தாண்டியதும் காது மந்தமாகத் தொடங்கியது. ஒருநாள் அவர் முதுகுக்குப் பின்னால் குழந்தை ஒன்று விழுந்து அழுதது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. உதவியாளர்தான் ஓடிவந்து தூக்கினார். சிறு காயம்தான். ஆனால் அம்மா, "எம் பக்கத்துலயே புள்ள அழுவுது, எனக்குத் தெரியலையேங்க" என்று அப்பாவிடம் சொல்லி அழுதார். வேலையை விட்டார். பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவதையும் விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து, திருச்சியில் காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் வெளிப்பகுதியைக் காதின் மேல் மாட்டிக்கொள்ள வேண்டும்; கழற்றினால் எதுவும் கேட்காது. கருவியை இயக்கிய அன்று அப்பா ஆசையாக, "நான் பேசுறது கேக்குதா?" என்றார். அம்மா என் பக்கம் திரும்பி, "தகரத்தத் தட்டுறாப்ல இருக்கு. இது ஒங்க அப்பா கொரலே இல்ல" என்றார். அப்பாவின் முகம் வாடிவிட்டது.

"சத்தம் உள்ள போகுதுங்க. அது என்னன்னு இனிமேதான் பழகணும். தினமும் பேசுங்க" என்றார் அங்கே கேட்கப் பழக்கும் பயிற்சியாளர்.

அன்றிலிருந்து காபி குடித்ததும், உதடு தெரியாதபடி அம்மாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு அமர்வார் அப்பா. "கத்தரிக்கா" என்பார். அம்மா, "கத்தரிக்கோல்" என்பார். சில நாள் சிரிப்பார்கள். சில நாள், "வேணாங்க, தலை வலிக்குது" என்று அம்மா கருவியைக் கழற்றி வைத்துவிடுவார். அப்பா வற்புறுத்தமாட்டார். மறுநாள் மீண்டும் நாற்காலி போடுவார்.

ஒரு மாலை வாசலில் அப்பா ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். சமையலறையில் இருந்த அம்மா, "அப்பா வந்துட்டாரு, கதவத் தொற" என்றார். நான் கதவைத் திறக்கத் தோன்றாமல் அழுதுகொண்டு நின்றேன்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. நெஞ்சுவலி என்று சேர்த்த மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோகும்முன் கருவியைக் கழற்றி எங்களிடம் கொடுத்தார்கள். "ஒரு தடவ மாட்டிவிடுங்கம்மா, நான் வெளிய நிக்கிறேன்னு சொல்லிட்டு வந்துடுறேன்" என்று செவிலியரிடம் கெஞ்சினார் அப்பா. உள்ளே கூப்பிடுவதற்குள் அம்மா போய்விட்டார். அத்தனை பாடுபட்டுக் கேட்கப் பழகியவர், கடைசியில் எங்கள் குரல் ஒன்றையும் கேட்காமலே போனார்.

அவருக்குப் பொறுமையோடு கற்றுத்தந்த பயிற்சியாளருக்கும், முகம் பார்த்து நிதானமாகப் பேசிய அக்கம்பக்கத்தாருக்கும், துயரத்தில் உடன் நின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் காது கேளாதவர் "என்ன சொன்னீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடாதீர்கள். அம்மாவை அதிகம் அழவைத்த சொல் அதுதான்.